அடி கறுத்த தக்காளி

தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் பலர் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்துக் கறிவேப்பிலையும் தக்காளியும் வளர்க்கிறோம். கறிவேப்பிலை குளிரில் இலையை உதிர்த்தாலும் மறுபடி துளிர்த்துவிடும். தக்காளிதான் ஏமாற்றும். செடி செழிப்பாக நிற்கும். காய் மட்டும் நிறம் கெட்டுப்போகும்.

அப்பா காலமான பிறகு என் அம்மா கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து இருக்கிறாள். இந்த ஊர் பாஷை தெரியாது, பகலில் பேச ஆளும் கிடையாது. அக்டோபரில் பத்துத் தொட்டிகளில் நாற்று நட்டாள். பிப்ரவரியில் முதல் காய்களின் அடிப்பாகம் காசு அளவுக்குக் கறுத்துக் குழிந்துவிட்டது. "என் கைராசியே போயிடுச்சு" என்று மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நானோ பூச்சி என்று முடிவு கட்டி மருந்து அடித்தேன். பலன் இல்லை, மருந்துபட்ட காய்களையும் தூர எறிய வேண்டியதாயிற்று.

கறை காயின் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். காம்புக்கு நேர் எதிரே, அடியில் கறுத்தால் அது பூச்சியும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் பயணம் செய்யும். இலைகள் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். காயின் அடிக்குக் கடைசியில்தான் கிடைக்கும். மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால் அந்தக் கடைசிப் பங்கும் தடைப்படும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். குழாயில் தண்ணீர் வந்த நாளில் வாளி வாளியாக ஊற்றுவோம், வராத நாளில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு நான் யூரியா வேறு போட்டிருந்தேன். அதனால் இலைதான் பெருத்தது. பலரும் சொல்லும் முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், அவசரத்துக்கு உதவாது.

தண்ணீரைப் பிடித்து வைத்து, தினமும் காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்து அளவாக ஊற்றினோம். தொட்டியின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினோம். கறுத்த காய் தேறாது, அதைப் பறித்துவிடலாம். அடுத்து வந்த கொத்துகள் சுத்தமாக இருந்தன. இப்போது அம்மா பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம், "தோடா பானி, ரோஜ்" என்று கையை ஆட்டிப் பாடம் நடத்துகிறாள்.

அடி நன்றாக இருந்து காம்பைச் சுற்றி மட்டும் மஞ்சளாக, கெட்டியாக நின்றால் பெரும்பாலும் வெயில்தான் காரணம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். ஏப்ரலில் காய் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பழுக்க வெயில் தேவையில்லை. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்.

மேற்குப் பார்த்த பக்கத்தில் வெளுத்துக் காகிதம் போலானால் அது வெயில் சுட்ட புண். இலைகளை அதிகம் கிள்ளியவர்களுக்கு இது வரும். பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினால் போதும்.

ஆனால் பனிமூட்டக் காலத்தில் காயில் பழுப்புத் திட்டுகள் வந்து, இலையும் தண்டும் சேர்ந்து கருகினால் தாமதிக்க வேண்டாம். அது பரவும் நோய். செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள்.