எண்பது சதுரம், ஒரு போர்வை

அன்புள்ள நிலா,

விடுதித் தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து குரோஷே போர்வை பின்னப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். போர்வை யாருக்கு என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். இன்னாருக்கு என்று ஒரு முகம் மனதில் வந்துவிட்டால், பாதியில் விட்டுவிட யாருக்கும் அவ்வளவு எளிதில் மனசு வராது.

தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான் நடந்தது. நெல்சன் மண்டேலா 2013 டிசம்பரில் மறைந்தார். அவருடைய உதவியாளராக இருந்த செல்டா லா கிரேன்ஜ், தன் தோழி கேரலின் ஸ்டெய்னிடம், ஜூலை 18 மண்டேலா பிறந்தநாளுக்குள் இல்லாதவர்களுக்காக 67 போர்வைகள் பின்னித்தர முடியுமா என்று கேட்டார். 67 என்பது மண்டேலா பொதுவாழ்வில் கழித்த ஆண்டுகளின் கணக்கு. ஸ்டெய்ன் தனியாக உட்கார்ந்து பின்னத் தொடங்கினார். ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை என்று தெரிந்ததும் நண்பர்களைக் கூப்பிட்டார். அந்த அழைப்பு நாடு முழுக்கப் பரவி, சிறைக் கைதிகளும் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தார்கள். அவரால் தனியாக முடிந்திருந்தால் 67 போர்வைகளோடு கதை முடிந்திருக்கும்.

நம் சென்னையிலும் நடந்திருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சிறு சிறு போர்வைகளாகப் பின்னி, அவற்றைக் கோத்து 2016 ஜனவரி 31 அன்று விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர், கின்னஸில் இடம்பெற்றது. அதற்குப் பிறகு பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கடைசி முடிவுதான் எனக்கு அந்தச் சாதனையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

உங்களுக்கு அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம். நாலடி அகலம், ஐந்தடி நீளம் வைத்துக்கொள். ஒரு சதுரம் 6 அங்குலம் என்றால் அகலத்தில் 8, நீளத்தில் 10, ஆக 80 சதுரங்கள். பத்துப் பேருக்கு ஆளுக்கு எட்டு. ஆனால் அப்படிச் சரிசமமாகப் பங்கு வைக்காதே. ஒருத்தி இப்போதுதான் ஊசி பிடிக்கிறாள், இன்னொருத்திக்குத் தேர்வு நெருங்குகிறது. ஐந்து பின்னுகிறவள் ஐந்து பின்னட்டும், பதினொன்று பின்னுகிறவள் பதினொன்று பின்னட்டும். யார் எத்தனை என்று சுவரில் எழுதி ஒட்டவும் வேண்டாம்.

‘கிரானி ஸ்கொயர்’ எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சங்கிலி போட்டு வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் மும்மூன்று ட்ரெபிளாக நாலு கொத்து. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் இரண்டு சங்கிலி. அந்த இடைவெளிகள்தான் நாலு மூலை. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, பக்கத்து இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்து. சாதாரண நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் ஐந்தாறு சுற்றில் 6 அங்குலம் வந்துவிடும். புதிதாகப் பிடிப்பவளும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்வாள்.

அவரவர் அறையில் பின்னிக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேலை சுலபமாக முடியும்தான். ஆனால் முடியும்போது உங்கள் கையில் போர்வை இருக்கும், பத்துப் பேரும் பழையபடி பத்துப் பேராகவே இருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது சேர்ந்து உட்காருங்கள். குரோஷேயில் ஒரு பின்னல் முடிந்ததும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் நிற்கும். நீள ஊசிகளில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஒரு வரிசை முழுக்க ஊசியில் தொங்கும், நழுவினால் போச்சு. உனக்கு அந்தப் பயம் இல்லை. எந்த இடத்திலும் நிறுத்தி, நிமிர்ந்து, பேசுகிறவள் முகத்தைப் பார்க்கலாம். பேச எதுவும் இல்லையென்றால் கை தன் பாட்டுக்கு ஓடும், மௌனம் உறுத்தாது. எங்கள் குடியிருப்பில் நாங்கள் இப்படிப் போர்வை பின்ன உட்கார்ந்தபோது, மின்தூக்கியில் தலையசைப்பதோடு சரி என்றிருந்த ஒரு பெண், மூன்றாம் வாரம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் அம்மாவின் வைத்தியம் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

சிக்கல் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே மாதிரி. இருந்தும் ஒருத்தியின் சதுரம் ஐந்தரை அங்குலத்தில் நிற்கும், இன்னொருத்தியுடையது ஆறரைக்குப் போகும். ஒவ்வொரு கையும் நூலை இழுக்கிற விதம் வேறு. இறுக்கமாகப் பின்னுகிறவளுக்கு 4.5 ஊசி கொடு, தளர்வாகப் பின்னுகிறவளுக்கு 3.5. மிச்ச வித்தியாசத்தைச் சரிசெய்ய ஓர் அட்டையில் 6 அங்குலச் சதுரம் வரைந்து, பின்னியதை லேசாக நனைத்து, அதன்மேல் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவை.

அதற்கு மேலும் கொஞ்சம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். அதைப் பின்னியவள் இல்லாத நேரத்தில் பிரித்துத் திருத்திப் பின்ன மட்டும் யாரையும் விடாதே. இதில் நான் கண்டிப்பானவள். எங்கள் போர்வையில் ஒரு பாட்டியம்மாவின் சதுரத்தில் ஒரு கொத்து மூன்றுக்குப் பதில் இரண்டோடு நிற்கிறது. கோக்கும் முன் அதைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர். யாரும் வாய் திறக்கவில்லை, அப்படியே கோத்தோம். அடுத்த வாரம் அவர் தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாச் சதுரங்களுக்கும் கடைசிச் சுற்றை ஒரே நிறத்தில் போடுங்கள். பத்துக் கைகளின் வித்தியாசத்தையும் அந்த விளிம்புதான் ஒன்றாக்கிக் காட்டும். அந்த நிறத்தை மட்டும் மொத்தமாக ஒரே தடவையில், உறையில் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. சாய வாளி மாறினால் கறுப்பில்கூட வித்தியாசம் தெரியும். கோப்பதற்குத் தரையில் பாய் விரித்து 80 சதுரங்களையும் அடுக்குங்கள். எது எதன் பக்கத்தில் என்று வாக்குவாதம் வரும். வரட்டும், ஒரு மாலை முழுக்க அதற்கே ஒதுக்குங்கள். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, இரண்டு விளிம்பின் கண்ணிகளையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே கோத்துவிடுங்கள். நூல் முனைகளை அவ்வப்போதே உள்ளே செருகிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் மலைப்பாகிவிடும்.

நூல் எது என்பதை யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். உங்கள் ஊர் வெயிலில் இருப்பவருக்கு என்றால் பருத்தி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போவதென்றால் கம்பளி அல்லது அக்ரிலிக். முடிவானதும் எழுது, எத்தனை கண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தி