ஒரே அலைவரிசையில் பல கோபுரங்கள்

பலர் கூடி ஒரு பாடலைப் பாடுங்கால், அனைவரும் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், ஒரே சொல்லைப் பாடுதல் வேண்டும். ஒருவர் தாளம் தப்பினும் பாட்டுக் கெடும். தொலைக்காட்சிக் கோபுரங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஒளிபரப்புக்குரிய அலைவரிசைகள் மிகச் சிலவே. பழைய முறையில், அண்டையிலுள்ள இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையைக் கையாண்டால், படத்தின்மேல் மற்றொரு படம் நிழல்போற் படியும். ஆதலால், ஒரே நிகழ்ச்சியைப் பரப்புவதற்கும் இடந்தோறும் வெவ்வேறு அலைவரிசைகள் தேவைப்பட்டன. இலக்கமுறை ஒளிபரப்பு இக்குறையைப் போக்கிற்று. ஜெர்மனியின் பெர்லின் மாநகரம் 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பழைய தரைவழி ஒளிபரப்பை நிறுத்தியது. அங்கே அலெக்சாண்டர்பிளாட்ஸ் கோபுரமும், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷேஃபர்பெர்க் கோபுரமும் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சிகளைப் பரப்பின.

ஒரு கோபுரத்தின் அருகில் வாழ்பவருக்கு மற்றதன் அலை பிந்தியன்றோ வரும்? ஆம், வானொலி அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 22 கிலோமீட்டரைக் கடக்க அவ்வலைக்கு ஏறத்தாழ 73 மைக்ரோ நொடி ஆகும். இத்தாமதத்தைத் தாங்கவே, செய்தி சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறின் முன்னும் காப்பு நேரம் விடப்படுகிறது. ஐரோப்பிய முறையின் ஓர் அமைப்பில், ஒரு கூறு 896 மைக்ரோ நொடி நீடிக்கும். காப்பு நேரம் அதில் நான்கில் ஒரு பங்காக, 224 மைக்ரோ நொடி வரை இருக்கலாம். அதற்குள் வந்து சேரும் இரண்டாம் அலை பகையாகாது. முதல் அலைக்குத் துணையாகும்.

ஆயின், கோபுரங்களே காலந்தவறிப் பேசினால் இக்காப்பு போதாது. தலைமை நிலையத்திலிருந்து வரும் நிகழ்ச்சி, அண்மைக் கோபுரத்தை முந்தியும் சேய்மைக் கோபுரத்தைப் பிந்தியும் அடைகிறது. ஆகவே தலைமை நிலையம் நிகழ்ச்சியோடு காலக்குறிப்பையும் சேர்த்தனுப்புகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்களைக் கொண்டு, கோபுரங்கள் யாவும் நேரத்தையும் அலையின் அதிர்வெண்ணையும் சரிசெய்து கொள்கின்றன. நிகழ்ச்சியை முந்திப் பெற்ற கோபுரம், பிந்திப் பெறும் கோபுரத்திற்காகக் காத்திருக்கிறது. குறித்த கணம் வந்ததும் அனைத்தும் ஒருங்கே பேசுகின்றன.

செயற்கைக்கோளின் தொடர்பு அற்றுப்போனால், கோபுரம் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பிச் சில காலம் இயங்கலாம். பிழை எல்லை கடக்குமாயின், அது ஒளிபரப்பை நிறுத்திவிடுதல் வேண்டும். ஏனெனில், காலந்தவறிய கோபுரம் தன் பணியில் தவறுவதோடு நில்லாது, அண்டைக் கோபுரத்தின் நற்பணியையும் கெடுக்கும். வலிமை மிக்க கோபுரமாயின் கேடும் மிகும்.

முந்தியவர் காத்திருத்தலும், தவறியவர் அடங்கியிருத்தலும் கூட்டுப்பணியின் இரு கண்கள் என்பதை இக்கோபுரங்கள் நமக்கு உணர்த்துகின்றன.