ரிமோட் கார் வாங்குமுன்: புதிதா, பழையதா?



மளிகை வியாபாரிகளின் இதழில் ரிமோட் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பொழுதுபோக்குக்காக இந்தக் கார்களை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஒருவர் ஓட்டி அலுத்ததை மற்றவர் கைமாற்றிக்கொள்வதும் நடக்கிறது. பண்டிகை வந்தால் நம்மில் பலர் பொம்மைக் கார்களைக் கடையிலேயே மாட்டி வைத்து விற்கிறோம். அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்து விலை பேசும் நாம், இந்தச் சரக்கை மட்டும் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குவது சரியல்ல.

இரண்டு வகைச் சரக்கு

முதலாவது பொம்மை வகை. மோட்டார், ரிசீவர், திருப்பும் கருவி எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும். ஒன்று கெட்டால் பெரும்பாலும் முழுக் காரும் வீண். இரண்டாவது பொழுதுபோக்கு வகை. இதில் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரிசீவர், பாட்டரி ஆகியவை தனித்தனியாக இருக்கும். கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இந்த இரண்டாவது வகையைப் பரப்பியதில் ஜப்பானின் டமியா கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் மரவாடியாகத் தொடங்கிய கம்பெனி அது. 1976இல் போர்ஷ் 934 என்ற காரை, நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், ரேடியோவால் ஓடும்படி செய்து விற்றது. 1984இல் அது வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற காரைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பழைய காருக்கும் பாகம் தேட வழி பிறந்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, காரின் மதிப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. உதிரி பாகம் கிடைப்பதில் இருக்கிறது என்பதே. புதிதானாலும் பழையதானாலும் இதுவே முதல் கேள்வி.

புதிது வாங்கும்போது

1. பல்சக்கரம், அச்சு, முன்கை, டயர் ஆகிய நான்கும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். பாட்டரி, கனெக்டர் போன்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அந்தந்தக் காருக்கே உரிய பல்சக்கரம் அப்படிப் பொதுவாகக் கிடைக்காது.

2. மோட்டாரில் இரண்டு வகை உண்டு. மிக்ஸியில் இருப்பதுபோல் கார்பன் தேயும் மோட்டார் விலை குறைவு. புதிதாகப் பழகுபவருக்கு அது போதும். கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் அதிக வேகம் தரும், உழைப்பும் அதிகம். ஆனால் கை பழகாதவரிடம் அந்த வேகமே காரை உடைக்கும்.

3. ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையில் ஒரே அலைவரிசையில் இரண்டு கார் ஓடினால் ஒன்றின் ரிமோட் மற்றதைக் குழப்பும்.

4. பாட்டரியும் சார்ஜரும் விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். ஓடும் நேரத்தை நாமே கணக்கிடலாம். 3000 மில்லி ஆம்பியர் பாட்டரி என்றால் 3 ஆம்பியர் மணி. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம்தான் ஓடும். அரை மணி வேண்டுமென்றால் இரண்டு பாட்டரி தேவை.

பழையது வாங்கும்போது

நம் ஆரணியில் பழைய தறி வாங்குபவர் அதை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பாரா? காரும் அப்படித்தான். மேல் கூட்டின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். அதை மாற்றுவது எளிது. காரைத் திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சக்கரங்களைக் கையால் ஆட்டினால் அதிகமாக ஆடக்கூடாது. ஆடினால் பேரிங் போயிருக்கலாம். சுற்றும்போது கரகரவென்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது மணல் புகுந்திருக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, முன்கையில் விரிசல், தலை தேய்ந்த திருகு ஆகியவை விலையைக் குறைக்கக் காரணங்கள்.

பிறகு பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஐம்பது அடி தூரத்திலும் சொன்ன பேச்சுக் கேட்கிறதா? சும்மா நிற்கும்போது முன்சக்கரம் நடுங்குகிறதா? கடைசியாக, சக்கரம் தரையில் படாமல் காரை ஒரு கட்டையின் மேல் வைத்து, மோட்டார் சுற்றும்போதே ரிமோட்டை அணைக்கச் சொல்லுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காத கார் ஒருநாள் யார் காலிலாவது மோதும்.

பழைய பாட்டரியை மதிப்பில் சேர்க்காதீர்கள். உதாரணக் கணக்கு ஒன்று: பாட்டரி, சார்ஜருடன் புதிய கார் ரூ. 10,000. பழைய கார் ரூ. 6,000. அதற்குப் புதுப் பாட்டரி ரூ. 2,000, சார்ஜர் ரூ. 1,500, டயரும் பல்சக்கரமும் ரூ. 1,000. ஆக ரூ. 10,500. மலிவு என்று வாங்கியது ஐந்நூறு அதிகமாகிவிட்டது! நல்ல சார்ஜர் கூடவே வந்து, உதிரி பாகமும் கிடைத்தால் பழையதே லாபம்.

கிடங்குக்கு ஆபத்து

லித்தியம் பாலிமர் பாட்டரியைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். அதன் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக்கூடாது. செல்களைச் சமமாக ஏற்றும் சார்ஜரே வேண்டும். உப்பிய பாட்டரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். தீப்பிடிக்கும் சரக்கு அது. சாக்கு, எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, பட்டு நூல் இருக்கும் இடத்தில் சார்ஜ் போடக்கூடாது. இரவு போட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போகவே கூடாது. ஆயிரங்களில் வாங்கிய காருக்காக லட்சக்கணக்கான சரக்கைப் பணயம் வைக்கலாமா?

ஓட்டும் இடமும் முக்கியம். கமண்டல நாகநதியின் மணல் பல்சக்கரத்துக்குப் பகை. நெசவு நடக்கும் தெருக்களில் கிடக்கும் நூல் துணுக்கு அச்சில் சுற்றி மோட்டாரை இறுக்கிவிடும். வண்டி போகும் சாலை அறவே கூடாது. கட்டாந்தரை மைதானமே சிறந்தது.

விற்பவர் கவனத்துக்கு

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாட்டரியில் ஓடும் பொம்மைக் காரும் இதில் அடக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, முத்திரையில்லாச் சரக்கு விற்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று எழுதப்பட்டது. தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இது பொருந்தும். ஒரு காருக்கு ஐம்பது ரூபாய் லாபம் பார்க்கும் கடைக்காரர் இந்தச் சுமையைத் தாங்க முடியுமா? முத்திரை பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பிள்ளை கார் கேட்டால் வேண்டாம் என்று விரட்ட வேண்டியதில்லை. கழற்றி மாட்டவும், கணக்குப் போடவும், பழுது பார்க்கவும் பழகுவான். கூட அழைத்துப் போய், மேலே சொன்னபடி அவனையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரக்கு பார்த்து வாங்கும் பழக்கம் நாளைக்கு நம் கடைக்கும் உதவும்.