மேல்மடையும் கடைமடையும்
ஆற்று நீரைப் பங்கிட்டுக் கொள்ளும் முறை பற்றி ஒரு பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

கடைமடை என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கங்களிலிருந்து கப்பலேறி இவ்வூருக்கு வந்த நம் முன்னோர் காவிரியின் கடைமடையைச் சேர்ந்தவர்கள். மேட்டூரில் கதவு திறந்த நாள் முதல், தண்ணீர் எந்த ஊரைக் கடந்தது, நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நாள் எண்ணிக் காத்திருந்த ஊர்கள் அவை. ஆனால் கடல் கடந்து பினாங்குக்கு வந்த பின்னரும் நாம் கடைமடைக்காரர்களாகவே வாழ்கிறோம் என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

சூலியா தெருவில் விடியுமுன் தேத்தண்ணீர் கொதிக்கிறது. நாசி கந்தார் கடைகளில் அரிசி கழுவப்படுகிறது. பள்ளிவாசலில் தொழுகையாளிகள் ஒளுச் செய்கிறார்கள். இத்தனைக்கும் வேண்டிய தண்ணீரில் பெரும் பகுதி இத்தீவில் ஊறியதன்று. அது அடுத்த மாநிலத்து மலையில் பெய்த மழை. அந்த நீர் நம்மிடம் வந்து சேரும் வழியையும், அதைப் பற்றி இரு மாநிலங்களுக்குள்ளே நெடுங்காலமாக நடந்து வரும் வழக்கையும், அதற்கு மார்க்கமும் அனுபவமும் காட்டும் தீர்வையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நீர் வரும் வழி

ஜார்ஜ் டவுன் சிறு பட்டணமாக இருந்த காலத்தில் தீவின் ஓடைகளே போதுமாயிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இன்று தாவரத் தோட்டம் இருக்கும் பக்கத்து நீர்வீழ்ச்சியிலிருந்து கால்வாய் வழியாகப் பட்டணத்திற்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். பின்னர் மக்கள் பெருகினர். 1962இல் ஆயர் ஈத்தாம் அணை கட்டி முடிந்தது. அதுவும் போதாமற்போகவே, 1973 முதல் பெருநிலத்தில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

சுங்கை மூடா, தாய்லாந்து எல்லையை அடுத்த உலு மூடா காடுகளில் பிறந்து, கெடா மாநிலத்தின் வழியாக நெடுந்தூரம் ஓடி வருகிறது. கடலை நெருங்கும் கீழ்ப் பகுதியில் மட்டும் கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக அமைகிறது. அங்கே லாஹார் தியாங் என்னுமிடத்தில் பினாங்கு தன் கரையிலிருந்து நீரை இறைக்கிறது. அந்நீர் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் மூலம் தீவுக்கு வருகிறது. பினாங்கு மாநிலத்தின் மூல நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஒரே ஆற்றிலிருந்து கிடைப்பதாகும்.

அதே மலை நீருக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. 1966இல் தொடங்கி 1970இல் நிறைவேறிய மூடா பாசனத் திட்டத்தில் மூடா அணையும் பெடு அணையும் கட்டப்பட்டன. மூடா அணையில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெடு அணைக்குச் சென்று, கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. நாட்டின் நெல் விளைச்சலில் பெரும் பங்கு அவ்வயல்களில்தான் விளைகிறது. 2004இல் முடிந்த பெரிஸ் அணையோ, வறட்சிக் காலத்தில் சுங்கை மூடாவில் நீர் திறந்து விட உதவுகிறது. ஆக, நம் கடையின் தண்ணீரும் கெடா விவசாயியின் நெல்லும் ஒரே காட்டின் நிழலில் பிறப்பவை. அக்காடு அழிந்தால் இரண்டுக்கும் கேடு.

இரு தரப்பு வாதம்

கெடா மாநில அரசு, பினாங்கு எடுக்கும் மூல நீருக்குப் பணம் தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி என்ற தொகையும் சொல்லப்பட்டது. அதன் நியாயம் யாதெனில், உலு மூடா காட்டைக் காக்க வேண்டுமானால் மரம் வெட்டிக் கிடைக்கும் வருமானத்தைக் கெடா இழக்க வேண்டும். அந்த இழப்பின் பயனைப் பினாங்கும் அனுபவிக்கிறது. அப்படியிருக்க நஷ்டம் மட்டும் கெடாவுக்கா என்பதே.

பினாங்கின் பதில் வேறு. ஆறு எல்லையாக ஓடும் இடத்தில், தன் கரையிலிருந்து தான் நீர் எடுப்பதாகவும், இயற்கையாக ஓடி வரும் நீருக்கு மேல்புறத்தார் விலை கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் அது கூறுகிறது.

இவ்விரண்டையும் கேட்ட வியாபாரி, "இது அரசாங்கங்களின் சண்டை, நமக்கென்ன?" என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து கொள்வது வழக்கம். இது தவறு. குழாய் வற்றும் நாளில் முதலில் அடுப்பணைவது நம் கடையில்தான்.

சட்டம் காட்டும் வாசல்

மலேசிய அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை ஆறுகளையும் நீரையும் மாநிலங்களின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஆயினும் மத்திய அரசின் பட்டியலிலும் ஆறுகள் உண்டு. முழுவதும் ஒரே மாநிலத்துக்குள் அடங்கிய ஆறுகளும், சம்பந்தப்பட்ட எல்லா மாநிலங்களும் செய்து கொண்ட உடன்படிக்கைக்கு உட்பட்ட ஆறுகளும் மட்டுமே அப்பட்டியலிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. இதன் பொருளை நன்றாகக் கவனிக்க வேண்டும். அண்டை மாநிலங்கள் தாமாகக் கூடிப் பேசி உடன்பட்டால் அவர்களே ஆற்றை நிர்வகிக்கலாம். உடன்படாவிட்டால் மத்திய அரசு தலையிட வழியுண்டு. சட்டம் முதல் வாசலை அண்டை வீட்டாருக்கே திறந்து வைத்திருக்கிறது.

1998இல் தேசிய நீர்வள மன்றம் அமைக்கப்பட்டது. 2005இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, தீபகற்பத்தில் தண்ணீர் விநியோகச் சேவை மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலுக்கு வந்தது. 2006இல் அச்சேவைக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் இவை பெரும்பாலும் குழாயைப் பற்றியவை. ஆறும், அது பிறக்கும் காடும் மாநிலத்தின் கையிலேயே உள்ளன. குழாய்க்கு ஓர் ஒழுங்கு உண்டாகி, ஆற்றுக்கு அது முழுமையாக உண்டாகாத நிலையில்தான் விலைப் பேச்சு எழுகிறது.

மதீனாவில் ஒரு வழக்கு

மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையே எழும் வழக்கு நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. மதீனாவின் ஹர்ரா என்னும் கரும்பாறை நிலத்திலிருந்து வரும் ஓடை நீரால் பேரீச்சந் தோப்புகள் பாசனம் பெற்றன. மேலே ஸுபைர் (ரலி) அவர்களின் தோப்பு; கீழே அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோப்பு. தண்ணீரைத் தடுக்காமல் விட வேண்டும் என்று அன்ஸாரி கேட்டார். ஸுபைர் (ரலி) இணங்கவில்லை. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. முதலில் ஸுபைர் தம் தோப்புக்குப் பாய்ச்சிவிட்டு, பிறகு அண்டை வீட்டாருக்கு விட வேண்டும் என்று நாயகம் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். அது இருவருக்கும் இலேசான சமாதானத் தீர்ப்பு. தோற்றதாக எண்ணிய அன்ஸாரி, உறவு பார்த்துச் சொன்னதாகக் கடுஞ்சொல் கூறினார். அதன் பின்னர், வரப்புச் சுவரை எட்டும் வரை நீரை நிறுத்திக்கொள்ளும் முழு உரிமையையும் நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு அளித்தார்கள். புகாரி ஷரீபில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. இரண்டாவது, அவ்வுரிமை முழுமையாக வழங்கப்பட்டபோதும் அதற்கு ஓர் அளவு இருந்தது. மதீனாவின் மஹ்ஸூர் என்ற மற்றோர் ஓடையின் வழக்கில் கணுக்கால் அளவு நீர் நின்றதும் கீழே விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக வந்துள்ளது. அளவு கடந்த நீர் மேல்மடைக்காரரின் சொத்தாகாது. மூன்றாவது, கீழே இருப்பவர் சமாதானத்தைக் கோபத்தால் உதறினால், கிடைக்கவிருந்த சலுகையையும் இழக்க நேரும். இம்மூன்றாம் பாடம் பினாங்குவாசிகளாகிய நமக்கே உரியது!

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். கூட்டாளி என்ற சொல் வியாபாரிக்கு நன்கு பழகியது. கூட்டு வியாபாரத்தில் இலாபத்தை மட்டும் பங்கு கேட்டு, செலவுக்கு வராதவரை நாம் கூட்டாளி என்போமா?

விலையா, கூலியா?

இங்கேதான் நம் தாயகத்துக் கண்மாய்ப் பாசனம் நமக்கு வழி காட்டுகிறது. இராமநாதபுரம் முதலிய சீமைகளில் கண்மாய் மடையைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்து நீர் விடுவதற்கென்று ஒருவர் இருப்பார். சில ஊர்களில் அவரை நீர்க்கட்டி என்பர். சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்பர். அறுவடை முடிந்ததும் விவசாயிகள் அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். அது தண்ணீருக்குக் கொடுத்த விலையா? அன்று. மழை அல்லாஹ்வுடையது. அந்த நெல், மடையைக் காத்து முறை தவறாமல் பங்கிட்டதற்குரிய கூலி.

சுங்கை மூடா வழக்கையும் இக்கண் கொண்டு பார்த்தால் முடிச்சு அவிழும். மழைக்கு விலை கேட்பது பொருந்தாது. காட்டைக் காப்பவருக்குக் கூலி தர மறுப்பதும் பொருந்தாது. ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுக் கணக்கில் போட்டு, அது உலு மூடா காட்டைப் பாதுகாக்கவும், ஆற்றைத் தூய்மையாக வைக்கவும் மட்டுமே செலவாகும் என்று எழுதி வைத்து, இரு மாநிலத்தாரும் அக்கணக்கைப் பார்க்க இடமளித்தால், அதை விலையென்று யாரும் கூற முடியாது. அத்தொகையைப் பெறுபவரும், காட்டை வெட்டினால் கூலி நின்றுவிடும் என்று அறிந்திருப்பார்.

பிற தேசங்களின் அனுபவம்

ஸ்பெயின் தேசத்தின் வலென்ஸியா நகரில், டூரியா ஆற்றின் வாய்க்கால்களைப் பகிரும் விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் ஒன்று உண்டு. வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தேவாலய வாசலில் அது கூடுகிறது. நீதிபதிகள் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகளே. வழக்கு வாய்மொழியாகவே நடந்து அங்கேயே தீர்ப்பாகிறது. இவ்வழக்கத்தின் வேர் அந்தலூஸின் முஸ்லிம்கள் காலத்துக்குச் செல்வதாகக் கூறுவர். 2009இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது.

காவிரியின் கதை மற்றொரு பாடம். 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னையும் மைசூரும் ஒப்பந்தங்கள் செய்தன. பின்னர் வழக்கு முற்றி, 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16இல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு 404.25, கர்நாடகத்திற்கு 284.75, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என வகுத்தது. அந்த 7 நம் காரைக்காலுக்கானது. எந்த மாநிலமும் ஆற்றுக்குத் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது என்றும் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. அவ்வாண்டே மேலாண்மை ஆணையமும் அமைந்தது. இத்தனைக்குப் பிறகும் மழை பொய்க்கும் ஆண்டில் சச்சரவு எழுகிறது. நல்ல மழையில் எவரும் சண்டையிடுவதில்லை. குறைவு வரும்போது குறைவையும் எப்படிப் பங்கிடுவது என்பதே ஒப்பந்தத்தின் உயிர்நிலை.

நமக்கு அருகில் ஜொகூரும் சிங்கப்பூரும் 1962இல் செய்த ஒப்பந்தம் இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை மூல நீர், ஆயிரம் காலனுக்கு 3 காசு, 2061 வரை என்று அதில் எழுதப்பட்டுள்ளது. விலை பற்றிய மனக்கசப்பு பலமுறை எழுந்தும், எழுதி வைத்த ஏடு இருந்தமையால் நீர் நிற்கவில்லை. வாய்ப்பேச்சைவிடச் சீட்டு வலியது என்பதை வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நாம் செய்யத்தக்கவை

உரிமை பேசும் நாம் நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். பினாங்கில் வீட்டு உபயோகத்திற்கு ஒருவர் நாளொன்றுக்குச் செலவிடும் நீர் பல ஆண்டுகளாக 270 லிட்டருக்கும் மேல் இருந்து வந்தது. 165 லிட்டர் போதும் என்ற அளவோடு ஒப்பிட்டு இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். கட்டணம் குறைவாயிருந்ததும் இதற்கொரு காரணம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண் செலவு கூடாது என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். மேல்மடைக்காரரிடம் நியாயம் கேட்கும் வாய், திறந்து விட்ட குழாயை மூடும் கையோடு சேர்ந்திருக்க வேண்டும்.

மற்றுமொரு பொறுப்பு நமக்கென்றே அமைந்தது. அண்ணனுக்குச் சுங்கை பட்டாணியில் கடை, தம்பிக்குச் சூலியா தெருவில் கடை என்று இரு கரையிலும் குடும்பம் உள்ளவர்கள் நம்மில் உண்டு. சுங்கை பட்டாணி வட்டாரமும் அதே மூடா ஆற்றை நம்பியதே. அரசியல் மேடையில் சூடேறும் பேச்சைக் குடும்ப வீட்டுத் திண்ணையில் ஆற்ற நம்மால் முடியும். இரு மாநிலத்து வியாபாரச் சங்கங்களும் கூடி, காட்டைக் காப்பதற்கும் கூட்டு நிர்வாகத்திற்கும் ஒரே குரலில் விண்ணப்பம் செய்தால் அதற்கு மதிப்புண்டு.

நினைவில் நிறுத்த வேண்டியவை:

1. மேல்மடைக்கு முதல் உரிமை உண்டு; அதற்கு அளவும் உண்டு.
2. மழைக்கு விலையில்லை, காவலுக்குக் கூலி உண்டு.
3. அளவை இரு தரப்பாரும் சேர்ந்து பார்க்கும்படி ஒரே அளவுகோல் வேண்டும்.
4. வறட்சி வருமுன்பே வறட்சியைப் பங்கிடும் விதியை எழுதி வைக்க வேண்டும்.
5. பங்கு கேட்பவர் வீண்விரயம் செய்யலாகாது.

ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்தாருக்கும் ஒட்டகைக்கும் நீர் முறை வைத்துப் பங்கிடப்பட்டது. அம்முறையை மீறியவர்கள் அடைந்த முடிவைத் திருக்குர்ஆன் நமக்கு எச்சரிக்கையாக வைத்திருக்கிறது. நம் கடைக்குழாயில் வரும் ஒவ்வொரு துளியும் மேலே ஒருவர் விட்டுக் கொடுத்ததும், கீழே நாம் கணக்குச் சொல்ல வேண்டியதுமான அமானிதம். இரு கரையாருக்கும் நியாயமான மனத்தையும் நிறைவான மழையையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன்.