பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?



வணிகவியல் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். "உரத்துக்கு மானியம் உண்டு, கேஸுக்கு மானியம் உண்டு. சம்பளத்துக்கு மானியம் உண்டா?" யாருக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததையும் எங்கள் வீட்டில் நடந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சம்பள மானியம் என்றால் என்ன?

கொரோனா மாதிரி ஒரு நோய் வருகிறது. கம்பெனிகளை மூடச் சொல்கிறார்கள். முதலாளிக்கு வரவு இல்லை. ஆட்களை நிறுத்தினால் குடும்பங்கள் பட்டினி கிடக்கும். மறுபடி திறக்கும்போது பழகிய ஆளும் கிடைக்காது. எனவே "ஆளை நிறுத்தாதீங்க, சம்பளத்தில் ஒரு பங்கை நாங்க தர்றோம்" என்று அரசு முன்வருகிறது. இதுவே சம்பள மானியம். பணம் பெரும்பாலும் முதலாளி வழியாகவே தொழிலாளிக்குப் போகும்.

2020-ல் மூன்று நாடுகள்

1. பிரிட்டன்: வேலையில்லாமல் வீட்டில் இருந்த தொழிலாளிக்கு முதலில் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் அதிகபட்சம் 2,500 பவுண்டு. இதை 'ஃபர்லோ' என்றார்கள். 2021 செப்டம்பர் 30 வரை நடந்தது. 1 கோடியே 17 லட்சம் வேலைகளுக்கு உதவி போனது. செலவு சுமார் 7,000 கோடி பவுண்டு!

2. ஜெர்மனி: வேலை நேரம் குறைந்ததால் கையில் எவ்வளவு குறைந்ததோ, அதில் 60 சதவீதம். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67. நேரம் பாதியாகக் குறைந்தவர்களுக்கு ஏழாம் மாதம் முதல் 80, 87 என்று உயர்த்தினார்கள்.

3. இந்தியா: 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 100 பேர் வரை வேலை செய்யும் நிறுவனம், அதில் 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் வாங்குபவர்கள் என்றால், அவர்களுக்கான பி.எஃப். முழுவதையும் அரசே கட்டும். முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

சம்பளம் = ரூ. 10,000
தொழிலாளி பங்கு 12% = ரூ. 1,200
நிறுவனத்தின் பங்கு 12% = ரூ. 1,200
அரசு கட்டியது = ரூ. 2,400

வழக்கமாக 8,800 வாங்குபவர் கையில் 10,000 வரும். நிறுவனத்துக்கும் 1,200 மிச்சம். ஆனால் கம்பெனி மூடிக் கிடந்து சம்பளமே போடவில்லை என்றால்? பூஜ்ஜியத்தில் 24 சதவீதம் பூஜ்ஜியம்தான்! பிரிட்டன் சம்பளத்தையே தந்தது, நாம் சம்பளத்தின் மேல் பிடித்தத்தைத் தந்தோம். வித்தியாசம் இதுதான்.

எங்கள் வீட்டில்

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். ஊரடங்கில் சனிக்கிழமை வந்தது, சம்பளம் வரவில்லை. ரேஷன் கடையில் கொடுத்த 1,000 ரூபாயும் அரிசியும்தான் வந்தது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

பக்கத்து வீட்டு அக்கா வேறொரு சின்னக் கம்பெனியில் செக்கிங் வேலை. அவருக்கு பி.எஃப். உண்டு. மார்ச் மாதப் பிடித்தத்தை அரசே கட்டியது. மேலும், கொரோனாவுக்காக பி.எஃப்.-ல் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணம் எடுக்க அனுமதி இருந்தது. அவர் அதை எடுத்து வாடகை கொடுத்தார்.

இந்தக் கட்டுரைக்காக அப்பாவிடம், "உங்களுக்கு ஏன்பா கிடைக்கல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பி.எஃப். வேண்டாம்னு நாந்தான் சொன்னேன் கண்ணு. பிடிச்சா வாரா வாரம் கையில குறையுமேன்னு நெனச்சேன். அவங்களும் சரின்னு விட்டுட்டாங்க."

தவறு அப்பாவுடையது மட்டும் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி பி.எஃப். கட்ட வேண்டும் என்பது சட்டம். பீஸ் ரேட் என்றாலும் உண்டு. பிடிக்காவிட்டால் முதலாளிக்கும் 12 சதவீதம் மிச்சம் அல்லவா?

நான் புரிந்துகொண்டது

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் முதல் கட்டத்தில், 2020 மார்ச் 19-க்குள் சம்பளக் கணக்கு வரித்துறைக்குப் போயிருந்தால்தான் பணம். ஜெர்மனியில் 'மினிஜாப்' என்ற சிறு வேலை செய்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆபத்து வந்த பிறகு அரசு தெருத் தெருவாகத் தேடி வராது. ஏற்கெனவே எழுதி வைத்த பதிவேட்டைத்தான் புரட்டிப் பார்க்கும். அதில் பெயர் இல்லாதவர் உழைத்திருந்தாலும் கணக்கில் இல்லை.

அடுத்த வருடம் அப்பா வேறு கம்பெனிக்கு மாறினார். அங்கே அவர் கேட்ட முதல் கேள்வி கூலி எவ்வளவு என்பதல்ல. "பி.எஃப். உண்டுங்களா?" என்றுதான் கேட்டாராம்.

நண்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்: "உங்களுக்கு பி.எஃப். நம்பர் இருக்கா?" பி.எஃப். உறுப்பினருக்கான யு.ஏ.என். 12 இலக்க எண். இருந்தால் நோட்டில் குறித்து வையுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு