நல்கையின் ஆண்டும் பிள்ளையின் ஆண்டும்

சென்ற கூட்டத்தில் இளைஞர் வழிகாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, "கம்பெனிகளிடம் கேட்டால் பணம் கிடைக்குமே" என்றார் ஓர் அன்பர். கிடைக்கும். 2016இல் எனக்கும் நண்பர்களுக்கும் கிடைத்தது. அந்த அனுபவத்தை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அல்சூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவருக்கு, வேலையில் இருக்கும் இளைஞர் பன்னிருவரைத் துணையாக்கினோம். வாரம் ஒருநாள் சந்திப்பு. அது டியூஷன் அன்று. மனம்விட்டுப் பேசுவது, கல்லூரி, வங்கி, பட்டறை என்று அழைத்துப்போய்க் காட்டுவது. ஒரு நிறுவனம் நல்கை தந்தது. பள்ளி ஜூனில் திறந்தது, பணம் செப்டம்பரில் வந்தது, மார்ச் 31இல் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். சம்பளமின்றி ஒருங்கிணைப்பாளர் விலகினார். யார் வந்தார், யார் வரவில்லை என்று கேட்க ஆளில்லாமல் எல்லாம் தளர்ந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பூட்டிய கதவருகே ஒரு பையன் நின்றிருந்தான். "அண்ணன் இன்னைக்கு வருவாரா சார்?" என்றான்.

நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யவில்லையே என்று அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அது தவறு. அமெரிக்காவின் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' இயக்கத்துப் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த துணையால் பிள்ளைகள் மிகுந்த பயன் பெற்றார்கள். மூன்று மாதத்திற்குள் துணை அறுந்தவர்களுக்கோ தன்மதிப்பு முன்னிலும் குறைந்துபோயிற்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. இதுவே சி.எஸ்.ஆர். பணம். நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும் என்பதால்தான் மார்ச் மாதத்து அவசரம். ஆனால் 2021 ஜனவரி முதல், 'தொடர் திட்டம்' என்று கம்பெனி ஏற்றுக்கொண்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்றாண்டு வரை அதை நடத்தலாம்; மீதித் தொகையைக் கம்பெனி தனிக் கணக்கில் போட்டு வைக்கும். நாம் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டியது இதைத்தான். கேட்காமல் அவர்களாகத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை.

பணம் பெற 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் தேவை. அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நாம் பார்க்க வேண்டியது வரவு செலவுத் திட்டம். பையும் பனியனும் புகைப்படத்தில் தெரியும், ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் பஸ் கட்டணமும் தெரியா. ஆகவே வெட்டும்போது பின்னவற்றில்தான் கத்தி விழுகிறது. அங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் ஊரிலேயே 1999இல் தோன்றிய 'ட்ரீம் எ ட்ரீம்', 2009இல் தோன்றிய 'மென்டார் டுகெதர்' போன்ற அமைப்புகள் உள்ளன. தொடங்குமுன் அவர்களிடம் போய்க் கேட்டு வரலாம்; வெட்கமென்ன?

என் யோசனை இது: முதலில் ஆறே பிள்ளைகள். நல்கை வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை நடத்த எவ்வளவு ஆகும் என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். அதில் பாதியையாவது உறுப்பினர்கள் முன்கூட்டியே ஒதுக்க ஒப்புக்கொண்ட பிறகே எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதலாம்.