எந்த வரிசை உன் வரிசை?

அன்புள்ள பேத்திக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டு நாலு நாள் ஆகிறது. ஆறு நிமிடம் பேசியிருக்கிறாய். அதில் பாதி நேரம் பின்னால் உங்கள் தெரு நாய் குரைக்கிறது. ஆனாலும் கேள்வி தெளிவாகத்தான் காதில் விழுந்தது: "தாத்தா, தமிழ்நாட்டுல பதினோராயிரம் மெடிக்கல் சீட்டு இருக்காமே. நானும் தமிழ்ப்பிள்ளைதானே, அதுல ஒண்ணு எனக்குக் கிடைக்காதா?"

போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி தாத்தா, சரி தாத்தா" என்று தலையாட்டிவிட்டு ஓடிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

நீ சொன்ன கணக்கு சரிதான். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் 11,000க்கும் மேல் இருக்கின்றன. மாநில அரசின் கல்லூரிகள் மட்டும் 36. இந்தியா முழுக்க எண்ணினால் 2024இல் 1,17,000 இடங்களைத் தாண்டிவிட்டது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் அதில் பாதிகூட இல்லை. இவ்வளவையும் தேடிப் படித்திருக்கிறாயே, கெட்டிக்காரி. ஆனால் கல்யாண வீட்டில் ஆயிரம் இலை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிய நீ, நமக்குப் பத்திரிகை வந்ததா என்று பார்க்கவில்லை.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. அந்த 85க்குள்தான் 69 சதவீத இடஒதுக்கீடு வருகிறது, 2020இலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீதமும் வருகிறது. கஷ்டப்பட்டுப் போராடி வாங்கிய வரிசைகள் இவை. மாநிலத்தின் வரிசை எதில் நின்றாலும் வாசலில் கேட்பது இரண்டே கேள்விதான்: இந்தியக் குடியுரிமை உண்டா, இந்த மாநிலத்தைச் சேர்ந்தவரா? வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை, கண்ணு.

"நம்ம பூர்வீகமே சிவகங்கைதானே" என்று நீ உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. பூர்வீகம் அதுதான். 1964இல் பர்மாவில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, மறு வருடம் என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ரங்கூனில் கப்பலேறினார். எனக்கு அப்போது பத்து வயது. என் அக்காவுக்கு, அதாவது உன் அம்மாச்சிக்கு, அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா உங்கள் ஊர் தன்லியினிலேயே நின்றுவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். கப்பலேறியவனின் பேரன் அந்த வரிசையில் நிற்கலாம், கரையில் நின்றவளின் பேத்தி நிற்க முடியாது. அறுபது வருடத்துக்கு முன்னால் துறைமுகத்தில் கிழித்த கோடு இன்று உன் விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கும் கை ஓடவில்லை. ஆனால் உன்னிடம் இதை மறைத்துப் பேசினால் நான் என்ன தாத்தா?

அடுத்து உன் சின்னம்மா சொன்ன யோசனை, ஓ.சி.ஐ. அட்டை வாங்கிவிடலாம் என்பது. பெயரில் 'சிட்டிசன்' என்று வருவதால் அது குடியுரிமை ஆகிவிடாது. நீண்ட கால விசா மாதிரிதான். 2021 மார்ச் 4ஆம் தேதி இந்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்கள் நீட் எழுதலாம், ஆனால் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கணக்குக்கு மேல் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கோதான் போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கான இடங்களைத் தொட முடியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களைத்தான் காப்பாற்றியது. இனிமேல் வாங்குகிற உனக்கு அதனால் பயனில்லை. அதோடு, பர்மாவின் 1982ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உன் கையிலிருக்கும் பர்மியக் குடியுரிமை அட்டைக்கு ஒரு கேள்வி வரக்கூடிய எந்தக் காகிதத்திலும், விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அப்படியானால் இந்தியாவில் உனக்கு என்னதான் இருக்கிறது? தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் என்.ஆர்.ஐ.க்கும் வெளிநாட்டவருக்கும் என்று இருக்கும் இடங்கள். இங்கே அரசுக் கல்லூரியில் ஒரு பிள்ளை வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிக்கிறது. தனியாரில் நிர்வாக ஒதுக்கீடு என்றாலே வருடம் பத்து இலட்சத்துக்கு மேல். என்.ஆர்.ஐ. இடம் இருபது இலட்சத்தைத் தாண்டும். ஒரு வருடத்துக்கு, கண்ணு. ரூபாயை உங்கள் ஊர் கியாட்டாக மாற்றி அப்பாவிடம் சொல்லிப் பார். வேண்டாம், சொல்லாதே. அவர் இராத்திரி தூங்கமாட்டார், காலையில் வயலை விற்கலாமா என்று கேட்பார்.

பணம் இருந்தாலும் நீட் எழுதித்தான் ஆகவேண்டும், வெளிநாட்டுக்காரருக்கும் விலக்கில்லை. 180 கேள்வி, சரியாக எழுதினால் நாலு மதிப்பெண், தப்பாக எழுதினால் ஒன்று போகும். 2024இல் எழுதியவர்கள் 23 இலட்சம் பேர். கோயில் தமிழ் வகுப்பில் முதல் பரிசு வாங்கினேன், தமிழிலேயே எழுதுவேன் என்று நீ சொன்னது எனக்கு இனித்தது. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டுப் பக்கத்து மையங்களுக்குத்தான். அந்த வருடம் வெளிநாட்டில் 14 ஊர்களில் மையம் வைத்தார்கள், அதில் யாங்கோன் இல்லை. உனக்குப் பக்கம் என்று சொல்ல பாங்காக்தான் இருந்தது. தேர்வுக்கே விமானச் சீட்டு வேண்டும்.

ஸ்காலர்ஷிப்பா? அதையும் கேட்டிருந்தாய். இந்தியத் தூதரகம் வழியாக வரும் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகை நல்ல திட்டம், அதில் படித்து முன்னேறிய பர்மாப் பிள்ளைகள் உண்டு. ஆனால் அது எம்.பி.பி.எஸ்.சுக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் ஒரு வருடம் காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், நீயும் அந்தப் பட்டியலில் சேராதே.

ஏஜென்டைப் பற்றி ஒரே வார்த்தை. என்னோடு கப்பலில் வந்தவரின் பேரனுக்கு ஓர் ஏஜென்டு வெளிநாட்டில் சீட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். முன்பணத்தை நான்தான் கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளை போய் இறங்கியது மொழி கற்றுக்கொடுக்கும் பள்ளியில். அந்தப் பெரியவரை இன்றைக்கும் என்னால் முகத்துக்கு நேராகப் பார்க்க முடியவில்லை. "நீங்க எதுவும் செய்ய வேண்டாம், எல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடு.

இந்தியக் கதை இவ்வளவுதான். இனி நீ ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஆறு நிமிடப் பதிவில் உன் ஊர்க் கல்லூரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தன்லியினில் பொறியியல் படிக்க தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிழக்கு யாங்கோன் பல்கலைக்கழகம் இருக்கிறது. காலையில் பாலத்தைத் தாண்டி எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். மருத்துவம் மட்டும்தான் அங்கே இல்லை. அதற்கு நீ எதிர்த் திசையில் பாலத்தைத் தாண்டவேண்டும். சுகாதார அமைச்சகத்தின் கீழ் யாங்கோனில் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று, இரண்டு என இரண்டு. 1954இலிருந்து மாந்தலேயில் ஒன்று, பிறகு மக்வேயில் ஒன்று, 2015இல் தாவுங்ஜியில் ஒன்று. இராணுவத்தின் மருத்துவக் கழகம் வேறு பாதை, அதை இங்கே பேசவில்லை. இந்த ஐந்தில் இரண்டு, நீ மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போகிற தூரத்தில். கட்டணமும் உன் அப்பா வயலைத் தொடாமல் கட்டக்கூடியது. உண்மையாகவே உன் பெயர் செல்லுபடியாகும் வரிசை இதுதான், இதைப் பார்க்காமல்தான் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பார்க்கிறாய்.

"அங்க மார்க்கு எட்டாது தாத்தா" என்பாய். எட்டுமா என்பதை ஆறு பாடத்தின் மொத்தம்தான் சொல்லும், அறுநூறுக்கு எவ்வளவு என்று. இங்கேதான் உன்னைத் திட்டவேண்டியிருக்கிறது. உன் மதிப்பெண் தாளை அம்மா அனுப்பினாள். உயிரியலில் பிரமாதம், வேதியியலில் பிரமாதம். பர்மிய மொழியில்? "டாக்டருக்கு இலக்கியம் எதுக்கு" என்று அம்மாவிடம் கேட்டாயாம். எதற்கா? மொத்தத்தில் அந்த நூறும் உயிரியலின் நூறும் ஒரே எடை, அதற்கு. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. நாளைக்கு ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்து என்ன மொழியில் அழுவாள்? முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்றவன் சொல்கிறேன், நோயாளியின் மொழி தடுமாறுகிற டாக்டரின் சீட்டோடு வருகிறவர்கள் எங்களிடம்தான் மறுபடியும் எல்லாவற்றையும் கேட்பார்கள். இன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம் பர்மியப் பாடத்துக்கு.

இன்னொன்று, இதைச் சொல்லவே வாய் கசக்கிறது. அங்கே பல வருடங்களாக மருத்துவச் சேர்க்கைக்கு ஆண்களுக்கு ஒரு கட்-ஆஃப், பெண்களுக்கு அதைவிட உயர்ந்த ஒரு கட்-ஆஃப் இருந்து வந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் எடுக்கிறார்கள், அதனால் அவர்களே நிரம்பிவிடக் கூடாதாம். நன்றாகப் படித்ததற்கு இது தண்டனை. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம், எனக்கும் அதே கோபம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் போன மதிப்பெண்ணை உன் இலக்காக வைத்துக்கொண்டு ஏமாறாதே. விண்ணப்பிக்கிற வருடத்தின் அறிவிப்பை வரி விடாமல் படி, பெண்களுக்கான எண் எது என்று பார், அதற்கு மேலே குறிவை.

மதிப்பெண்ணுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. குடியுரிமை அட்டை. பத்து வயதில் வாங்கியதைப் பதினெட்டில் மாற்றவேண்டும் அல்லவா? மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு முழுக் குடிமகன் என்பதற்கான ரோஸ் நிற அட்டையைக் கேட்பார்கள். நீலம், பச்சை அட்டைக்காரர்களின் பிள்ளைகள் எவ்வளவு மதிப்பெண் எடுத்தும் அந்த வாசலில் நின்றுவிட்ட கதை நம் சனத்தில் நிறைய உண்டு. உன்னுடையது ரோஸ்தான் என்று அம்மா சொல்கிறாள். சொன்னால் போதாது, அப்பா பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதும்போது குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும். தேர்வு முடிந்த பிறகு அலையாமல் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

இனி அம்மாவுக்கு. அக்கா மகள் என்பதால் நேராகவே கேட்கிறேன். பிள்ளை டாக்டராகவேண்டும் என்பதற்காக வெளியே அனுப்ப நினைக்கிறாயா, இல்லை பிள்ளை அங்கே இருக்கவேண்டாம் என்பதற்காகவா? 2020இல் பள்ளியிறுதித் தேர்வுக்கு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நடுவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2022இல் அது சுமார் மூன்று இலட்சமாகிவிட்டது. மருத்துவ மாணவர்கள் பலருக்கு வருடங்களே காணாமல் போயின. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள், அதில் 18 முதல் 27 வயதுப் பெண்களும் வருகிறார்கள். உன் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் பயத்துக்கு மருந்து வேறு, படிப்புக்கு வழி வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால், ஐந்து வருடத்துக்கு ஒரு கோடி ரூபாயைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து மருத்துவக் கவுன்சிலில் பதிவுக்காக நிற்கவேண்டி வரும். இந்தியாவில் படித்ததாலேயே வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே தொழில் செய்கிற உரிமை வந்துவிடாது. பாதுகாப்பாக வெளியே அனுப்புவதுதான் நோக்கம் என்றால் சொல், அதற்குச் செலவு குறைந்த படிப்புகள் இருக்கின்றன, ஐ.சி.சி.ஆரும் அங்கே உதவும். நான் விசாரிக்கிறேன்.

கண்ணு, விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும் இடத்தில் மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடப்போவதாகச் சொன்னாயாம். வேண்டாம். யாங்கோனிலேயே பல் மருத்துவம் இருக்கிறது, நர்சிங் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருந்தியல் இருக்கிறது, மருத்துவத் தொழில்நுட்பம் இருக்கிறது. "டாக்டர் இல்லன்னா எதுவும் வேண்டாம்" என்று நீ சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வலித்தது, சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா மருந்தாளுநர்தான். ஒரு ஹவுஸ் சர்ஜன் தூக்கக் கலக்கத்தில் பத்து மடங்கு அளவு எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடியிருக்கிறேன். அந்தக் குழந்தை பிழைத்துப் போனது. அது யார் என்று எனக்குத் தெரியாது, அதற்கும் என்னைத் தெரியாது.

இந்த வாரத்துக்குள் மூன்று வேலை. உன் அட்டை, அம்மா அட்டை, அப்பா அட்டை மூன்றையும் முன்னும் பின்னும் படம் பிடித்து அனுப்பு. வேறு யாருக்கும் அனுப்பாதே. போன வருட பர்மிய வினாத்தாளை எழுதி, உங்கள் டீச்சரிடம் திருத்தி வாங்கு. மூன்றாவது, சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. நாயை உள்ளே கட்டிவிட்டுப் பண்ணு.

உன் தாத்தா